சேவ் பண்ண விடுங்கள்: கேம் செய்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாங்குளத்திலிருந்து ஒரு மடல்

அன்பான தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் படித்துக்கொண்டே கேம் செய்து பார்க்கிறவர்கள், சென்னையிலும் ரொறன்ரோவிலும் இருந்து தமிழில் ஒரு நல்ல கேம் வரவேண்டும் என்று முயல்கிறவர்கள், உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மாங்குளத்தில் நான் ஒரு கொமியூனிக்கேசன் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் போட்டோக்கொப்பி, போனுக்கு ரீலோட், விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற வேலை. பின்பக்கத்தில் நாலு கொம்பியூட்டர். பள்ளிக்கூடம் விட்டால் நாலுக்கும் ஆள் வந்துவிடும். மணித்தியாலக் கணக்கில் காசு. ஒட்டுசுட்டான் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, அடுத்த பஸ் வரும்வரை விளையாடிவிட்டுப் போகிற பிள்ளைகளும் உண்டு. 12 வருசமாக அவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேமில் எந்த இடத்தில் பிள்ளை சிரிப்பான், எந்த இடத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும்புவான் என்பது எனக்கு மனப்பாடம்.

போன மாதம், என் கடையில் விளையாடி வளர்ந்த ஒரு பெடியன், இப்போது கம்பசில் படிக்கிறவன், தானே செய்த கேம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுக் காட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பனை மரம், குளக்கட்டு, செம்மண் ரோட்டு, எல்லாம் எங்கட ஊர். ஆனால் தொடங்கியதும் மூன்று நிமிசக் கதை ஓடியது, தாண்ட முடியவில்லை. நடுவில் சேவ் இல்லை, விட்ட இடத்தைப் பதிந்து வைக்க வழியே இல்லை. ஓடுவதற்கு ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இன்னொன்றை விடாமல் தட்டவேண்டும். இவன் சின்ன வயதில் என் கடையில் எதையெல்லாம் நொந்துகொண்டானோ அத்தனையும் அவன் கேமில் இருந்தது. "ஏன் தம்பி இப்பிடி வைச்சனீ?" என்று கேட்டேன். "கேம் எண்டால் அப்பிடித்தானே அண்ணை" என்றான்.

அந்தப் பதில் என்னை உறங்கவிடவில்லை. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் சேவ்.

எங்கட பக்கத்தில் கரண்ட் சொல்லிவிட்டுப் போவதில்லை. மாரி காலத்தில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் போதும். 2022 இல் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டு, முழு இலங்கையும் இருண்டது. யுத்தகாலத்தில் வருசக்கணக்காகக் கரண்டே இல்லாமல் குப்பி விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. கரண்ட் போவது எங்களுக்குப் பெரிய அதிசயம் இல்லை. அது போகும்போது கையில் இருந்ததும் சேர்ந்து போவதுதான் கொடுமை.

ஒருநாள் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் ஒரு பழைய கேமில் கடைசிக் கட்டத்துக்கு முந்தின கட்டம் வரை வந்துவிட்டான். அந்தக் கட்டத்தை முடிக்கத்தான் மூன்று நாளாக வந்துகொண்டிருந்தான். ஐம்பது நிமிசம் மூச்சுவிடாமல் விளையாடினான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. டப் என்று எல்லாம் நின்றது. ஃபான் சுழன்று சுழன்று ஓய்கிற சத்தம் மட்டும் கேட்டது. இருட்டில் அவன் கை இன்னும் மவுஸின் மேல்தான் இருந்தது. "அண்ணை, சேவ் ஆகியிருக்குமோ?" என்றான். "தெரியேல்லயடா" என்றேன். எனக்குத் தெரியும், ஆகவில்லை. அந்தக் கேமில் கட்டம் முடிந்தால்தான் சேவ். காசைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றான். பிறகு அந்தக் கேமைத் திறக்கவே இல்லை.

யூ.பி.எஸ் வாங்கு என்று சொல்வீர்கள். ஒன்று வைத்திருக்கிறேன். பற்றரி இரண்டு வருசத்தில் செத்துவிடும், நாலு கொம்பியூட்டருக்கும் அது தாங்காது. கடைக்கே இப்படி என்றால் வீட்டில் ஒரு பழைய கொம்பியூட்டர் வைத்திருக்கிற பிள்ளை எங்கே போவான்?

2000 ஆம் ஆண்டு வந்த புரொஜெக்ட் ஐ.ஜி.ஐ என்ற கேம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் அதை விளையாடாத கொம்பியூட்டர் கடை குறைவு. ஒரு மிஷனின் நடுவில் சேவ் பண்ண வழியே கிடையாது. முழு முகாமையும் பதுங்கிப் பதுங்கிக் கடந்து, வாசலில் ஒரு காவல்காரன் கண்டுவிட்டால் முதலிலிருந்து. 2003 இல் வந்த இரண்டாம் பாகத்தில் எண்ணிக் கொஞ்சம் சேவ் கொடுத்தார்கள். அதை இத்தனை பிள்ளைகள் விரும்பினார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் விரும்பியது பதுங்கிப் போவதை, பனி மூடிய முகாமை, தூரத்துச் சத்தத்தை. சேவ் இல்லாததை விரும்பி யாரும் வந்ததை நான் காணவில்லை.

சேவை அளந்து கொடுப்பதற்கும் சில நேரம் காரணம் இருக்கிறது. 1996 இல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவில் என்ற பேய்க்கதைக் கேமில் தட்டச்சுப் பொறி இருக்கிற இடத்தில்தான் சேவ். அதற்கும் ஒரு மை நாடா செலவாகும். பயத்தை வளர்க்கத்தான் அப்படிச் செய்தார்கள், அது வேலையும் செய்தது. அப்படியான கேம் செய்கிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சேவ் என்பது இரண்டு வேறு காரியம். ஒன்று, தோற்றால் எங்கே திரும்பிப் போவது என்பது. அது உங்கள் கையில் இருக்கட்டும். மற்றது, பஸ் வந்துவிட்டது, அம்மா கூப்பிடுகிறா, கரண்ட் போகப்போகிறது, விட்ட இடத்தில் விட்டுவிட்டு எழும்புவது. அது விளையாடுகிறவன் கையில் இருக்கவேண்டும். வெளியேறும்போது ஒரு சேவ், திரும்ப வந்து திறந்ததும் அது அழிந்துவிடும்படி வைத்தால் யாரும் ஏமாற்றவும் முடியாது. எத்தனையோ கேம்களில் இது இருக்கிறது.

இன்னொன்று, இதை எழுதாமல் விடமுடியாது. சேவ் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் பழைய சேவும் பழுதாகிவிடுகிறது. என் கடையில் பலமுறை கண்டிருக்கிறேன். புதிய சேவை வேறொரு கோப்பில் எழுதி முடித்து, சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு பழையதன் இடத்தில் வையுங்கள். முந்தினதையும் ஒன்று ஒதுக்கி வைத்திருங்கள். ஒரு பின்னேர வேலை. அந்த ஒரு பின்னேரம் இங்கே எத்தனை பிள்ளைகளின் எத்தனை பின்னேரங்களைக் காப்பாற்றும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது தாண்ட முடியாத காட்சிகள். இதை நீட்டத் தேவையில்லை. பிள்ளை மணித்தியாலத்துக்குக் காசு கட்டியிருக்கிறான். பெரிய எதிரியிடம் ஆறு தடவை சாகிறான். ஆறு தடவையும் அந்த எதிரி அதே ஒன்றரை நிமிசப் பேச்சைப் பேசிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறான். ஒன்பது நிமிசம் போச்சு. அந்த ஒன்பது நிமிசத்துக்கும் எனக்குக் காசு வந்துவிடுகிறது, உண்மைதான். அந்தக் காசு எனக்கு வேண்டாம். முதல் தடவை கதையைக் காட்டுங்கள், இரண்டாம் தடவை தாண்ட விடுங்கள். திரும்ப வருகிற இடத்தைப் பேச்சுக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வையுங்கள்.

பழைய நாணயப் பெட்டி கேம்களில் ஆளைச் சீக்கிரம் சாகடிப்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. செத்தால்தான் அடுத்த நாணயம் விழும். அந்தப் பெட்டிகள் எங்கட ஊருக்கு வந்ததே இல்லை. அந்தப் பெட்டிக்காரரின் வியாபாரத்துக்காக வைத்த வழக்கத்தை, காசு விழாத உங்கள் கேமில் எதற்கு வைக்கிறீர்கள்?

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்த மடலையே எழுதத் தொடங்கினேன்.

என் கடைக்கு ஒரு அண்ணை வருவார். முப்பத்தைந்து வயதுக்கு மேல். வலக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. எப்படிப் போனது என்று இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. 2009 க்கு முன் இங்கே இருந்தவர்களுக்குக் கேட்கத் தேவையும் இல்லை. பிள்ளைகள் போன பிறகு, ஏழு மணி போல வருவார். இரண்டாம் நம்பர் கொம்பியூட்டர்தான் அவருக்கு. கீபோர்டைச் சற்றுச் சரித்து வைப்பார். இடக்கையின் பெருவிரல் ஸ்பேஸில், சின்னவிரல் ஷிப்டில், நடு மூன்றும் நடக்கிற எழுத்துக்களில். மவுஸை வலப்பக்கம் வைத்து, முழங்கை முனையால் நகர்த்துவார். மேசையில் ஒரு பழைய துணியை நாலாக மடித்து விரித்திருப்பார், முனை உரசாமல் இருக்க. கார் ஓட்டுகிற கேமில் பிள்ளைகள் ஒருவரும் அவரை வென்றதில்லை.

ஒரு இரவு அவர் புதுக் கேம் ஒன்று தொடங்கினார். நல்லாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் கதவு மூடுகிறது, அதைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். திரையில் ஒரு எழுத்து மினுங்குகிறது, அதை வேகமாகத் தட்டவேண்டும். கூடவே மவுஸ் பொத்தானையும் அழுத்திப் பிடித்திருக்கவேண்டும். அவர் முயன்றார். கதவு விழுந்தது. திரும்ப முயன்றார். முனையால் மவுஸ் பொத்தானை அழுத்தினால் மவுஸே நகர்ந்து போகிறது. பதினொரு தடவை எண்ணினேன். செட்டிங்கைத் திறந்து பார்த்தார். சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிழலின் தரத்தை ஐந்து விதமாக மாற்றலாம். பொத்தானை மாற்ற இடம் இல்லை. கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போய் அந்த ஒரு எழுத்தைத் தட்டிக் கொடுத்தேன். கதவு திறந்தது. "நன்றி தம்பி" என்றுவிட்டு, கேமை மூடி, துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவருக்கு அந்தக் கேம் கஷ்டமாக இருக்கவில்லை. கஷ்டமான இடமெல்லாம் தானே கடந்துதான் அந்தக் கதவுக்கு வந்தவர். அந்தக் கதவில் திறமைக்கு வேலையே இல்லை. இரண்டு கை இருக்கிறதா என்று கேட்கிறது, அவ்வளவுதான்.

2002 இல் வந்த ஜி.டி.ஏ வைஸ் சிட்டியில் பொம்மை ஹெலிகொப்டரால் நாலு குண்டு வைக்கிற மிஷனை நினைத்துப் பாருங்கள். கொம்பியூட்டரில் அதை ஓட்ட ஒரு கை இடப்பக்க எழுத்துக்களிலும் மறு கை வலப்பக்க எண்களிலும் வேண்டும். இரண்டு கையும் உள்ள பிள்ளைகளே அதில் நின்றுபோனார்கள். எண் பகுதி இல்லாத மடிக்கணினியில் நின்றவர்கள் இன்னும் அதிகம்.

பெரிய நிறுவனங்கள் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிக் கன நாள். 2016 இல் வந்த அன்சார்ட்டட் 4 இல் விடாமல் தட்டுவதற்குப் பதிலாக அழுத்திப் பிடித்தால் போதும் என்று ஒரு தெரிவு வைத்தார்கள். 2018 இல் மைக்ரோசொஃப்ட், கை ஏலாதவர்களுக்கென்றே எக்ஸ்பொக்ஸ் அடாப்டிவ் கொன்ட்ரோலர் என்ற விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்தது. அதே வருசம் செலஸ்ட் என்ற கேம், மிகக் கடினமான கேம், வேகத்தைக் குறைக்கவும் சாகாமல் விளையாடவும் ஒரு உதவி முறையைத் தந்தது. 2020 இல் த லாஸ்ட் ஒஃப் அஸ் என்ற கேமின் இரண்டாம் பாகம் 60 க்கும் மேற்பட்ட தெரிவுகளோடு வந்தது, கண் தெரியாதவர்கள் கூட அதை முடித்தார்கள். அந்த அடாப்டிவ் கொன்ட்ரோலர் வந்தபோது அதன் விலை 100 டொலர். எங்கட அண்ணைக்கு அது எட்டாது, எனக்கும் எட்டாது. ஆனால் பொத்தானை மாற்ற விடுவதற்கு டொலர் வேண்டாம். தட்டுவதற்குப் பதில் பிடிப்பது, பிடிப்பதற்குப் பதில் ஒருமுறை தட்டினால் நிற்பது, எல்லாப் பொத்தானையும் வேண்டிய இடத்துக்கு மாற்றுவது: இந்த மூன்றையும் தொடக்கத்திலேயே வைத்தால் சின்ன வேலை. கேம் முடிந்த பிறகு வைக்கப்போனால்தான் பெரிய வேலை. உலகத்தில் யார் மறந்தாலும் தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் மறக்கக்கூடாது. கையும் காலும் கண்ணும் இழந்தவர்கள் இல்லாத ஊர் வன்னியில் இல்லை.

கஷ்டமான கேம் வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். என் அக்கா மிதிவெடி அகற்றுகிற வேலையில் இருந்தவ. ஓய்வு நாளில் கடைக்கு வந்தால், கட்டங்களுக்குள் ஒளிந்திருக்கிற வெடியைக் கண்டுபிடிக்கிற மைன்ஸ்வீப்பர்தான் விளையாடுவா. விண்டோஸில் வருகிற அந்தக் கேமில் முதல் தட்டில் வெடிக்காது. அதைச் செய்தவர்கள் அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு கவனமாக எண்ணி எண்ணி வந்தாலும், சில நேரம் கடைசியில் இரண்டு கட்டம் மிஞ்சும், எதில் வெடி என்று எந்தக் கணக்காலும் சொல்லமுடியாது. அக்கா அந்த இடத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டு எழும்பிவிடுவா. "ஊகத்தில கை வைக்கப் பழகக்கூடாது" என்பா. எனக்கு அந்த வார்த்தைதான் அளவுகோல். கவனமாக விளையாடினவன் கவனத்தால் வெல்லக்கூடிய கஷ்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள்.

கைபேசிக் கேம் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். பேஸ்புக்கில் 2009 இல் வந்து 2020 கடைசியில் மூடப்பட்ட ஃபார்ம்வில் என்ற தோட்டக் கேமில் ஸ்ட்ரோபெரி விதைத்தால் நாலு மணித்தியாலத்தில் விளையும். நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் வாடிப்போகும். 2012 இல் வந்த கேண்டி கிரஷில் ஐந்து உயிர், ஒரு உயிர் திரும்ப 30 நிமிசம். இவற்றிலிருந்து எல்லாரும் படித்துக்கொண்டார்கள்: ஆளைத் திரும்ப வரவைக்க விளையாட்டு நன்றாக இருக்கத் தேவையில்லை, வராவிட்டால் ஒன்று போய்விடும் என்று இருந்தால் போதும். இன்று ஒவ்வொரு நாளும் உள்ளே வந்தால் பரிசு, ஒருநாள் விட்டால் கணக்கு முதலிலிருந்து.

காலபோகத்தில் கதிர் முற்றும் நேரம் இங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளையும் தகப்பனோடு இரவு யானைக் காவலுக்குப் போவான். பரணில் சிக்னல் வராது. போன மாரியில் ஒரு பிள்ளை காவலுக்குப் போகுமுன் கடைக்கு ஓடிவந்து தன் போனைத் தந்தான். "அண்ணை, பன்னிரண்டு மணிக்கு முன்னம் ஒருக்காத் திறந்து மூடிவிடுங்கோ, இருபத்தேழு நாள் சேர்த்தது" என்றான். திறந்து மூடிவிட்டேன். வயல் அவனைக் கூப்பிடுவதில் நியாயம் இருக்கிறது. நெல்லுக்குக் காத்திருக்கத் தெரியாது, யானைக்கும் தெரியாது. திரையில் இருக்கிற ஒரு நீலக் கல்லுக்குக் காத்திருக்கத் தெரியாமல் போனது ஏன்? நீங்கள் அப்படி எழுதினபடியால்தான். வராத நாளைத் தண்டிக்காதீர்கள். என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்து உடைக்கிற பெட்டிகளும் வேண்டாம். பெல்ஜியத்தில் 2018 இலேயே அவற்றைச் சூது என்று சொல்லிவிட்டார்கள். ரீலோட் போட வருகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தே காசு எதற்குப் போகிறதென்று எனக்குத் தெரியும். சில நாள் நான் ரீலோட் போட மறுத்திருக்கிறேன்.

தனியாக விளையாடுகிற கேமுக்கு இணையம் கட்டாயம் என்று வைக்காதீர்கள். 2013 இல் சிம்சிட்டி அப்படி வந்து, முதல் வாரத்திலேயே சேர்வர் தாங்காமல் காசு கொடுத்தவர்கள் உள்ளே போகமுடியாமல் நின்றார்கள். ஒரு வருசம் கழித்து இணையம் இல்லாமல் விளையாட விட்டார்கள். த குரூ என்ற கார் கேமின் சேர்வரை 2024 மார்ச்சில் நிறுத்தியதும், வாங்கி வைத்திருந்தவர்களின் கேமும் அதோடு முடிந்தது. எங்களுக்கு டேட்டா என்பது கணக்குப் பார்த்துப் போடுகிற சாமான்.

கடைசியாகத் தமிழ். தமிழில் கேம் என்று போட்டுவிட்டு உள்ளே எழுத்து உடைந்து கிடப்பதைப் பார்க்கிறேன். 'கொடி' என்று வரவேண்டிய இடத்தில் ககரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. எங்கட கொம்பு எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் காட்டப்படுவது. அதை ஒழுங்குபடுத்துகிற பகுதி இல்லாத மென்பொருளில் இப்படித்தான் வரும். 2023 இல் வந்த கோடோ 4 என்ற கேம் செய்கிற மென்பொருளில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது, அது இலவசம். வேறு எதில் செய்தாலும், முதல் நாளே 'கௌதாரி', 'கொக்கு', 'பேய்', 'ஸ்ரீ' என்று நாலு சொல் அடித்துப் பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கவும் விடுங்கள். உடைந்த தமிழைக் கண்ட பிள்ளை மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு, விளங்காமலே விளையாடுகிறான்.

அந்தக் கம்பஸ் பெடியனிடம் இதையெல்லாம் சொன்னேன். கோபிக்கவில்லை. கொப்பி ஒன்று வாங்கி எழுதிக்கொண்டு போனான்.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். செய்த கேமைக் கொண்டு மாங்குளத்துக்கு வாருங்கள். சனிக்கிழமையோ பௌர்ணமி லீவான போயா நாளோ, பின்னேரம். காசு வேண்டாம். முதலில் பிள்ளைகள் விளையாடட்டும், நீங்கள் வாய் திறக்காமல் பின்னால் நின்று பாருங்கள். நடுவில் நான் மெயின் சுவிட்சை நிறுத்துவேன், எப்போது என்று சொல்லமாட்டேன். கரண்டைத் திரும்பப் போட்ட பிறகு பிள்ளை எந்த இடத்திலிருந்து தொடங்குகிறான் என்று பார்ப்போம். ஏழு மணிக்கு அண்ணை வருவார். இரண்டாம் நம்பரை அவருக்கு விட்டுவையுங்கள்.

அன்புடன்,
மாங்குளத்துக் கடைக்காரர்